பட்டியலில் தெரியாத பதினெட்டாயிரம் பாடங்கள்

பெருமதிப்புக்குரிய அம்மையீர்!

பேசும் நூலகத்தின் கணினிப் பிரிவை முப்பத்து மூன்று ஆண்டுகள் கண்ணெனக் காத்த காவலரே! கணினியின் உட்கருவான கெர்னல் கேட்கும் கேள்விக்கும் நிரல் தரும் பதிலுக்கும் நடுவில் நின்று, இரு பக்கமும் கோணாமல் எடுத்துரைத்த இன்முகமே! யார் எந்தக் குறையோடு ஓடிவந்தாலும் “பொறுங்க, பார்ப்போம்” என்று சொல்லிச் சொல்லியே ‘பொறுங்க மேடம்’ என்னும் பட்டம் பெற்ற பெருந்தகையே! வணக்கம். இன்னும் பதினான்கு அடைமொழிகள் எழுதி வைத்திருந்தேன். விழாக் குழுவினர் அடித்துவிட்டார்கள். ‘கணினிக் கடலே’ என்பதையாவது விட்டுவையுங்கள் என்று மன்றாடினேன், மசியவில்லை.

இளநிலைப் பணியாளராக இங்கு நுழைந்து, பிரிவின் தலைமைப் பொறியாளராக இன்று விடைபெறுகிறீர்கள். நெட்டை அலமாரி அளவு இருந்த கணினி நெஞ்சளவாகி, நெஞ்சளவு இருந்தது உள்ளங்கை அளவானதையெல்லாம் தங்கள் காலத்திலேயே பார்த்துவிட்டீர்கள். குளிரூட்டிய அறையில் பச்சைக் கம்பளிச் சட்டையும், மேசை ஓரத்தில் பிடி உடைந்த கோப்பையும், எங்கள் குறிப்புகளின் மீது சிவப்பு மையுமாக நாங்கள் கண்ட தங்கள் கோலம் மாறவே இல்லை. ஒரே குறிப்பை ஏழுமுறை திருப்பி அனுப்பி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட நாட்களும் உண்டு. பாராட்டு மடலில் இதைச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் கணவரே தலையாட்டுகிறார்.

தங்கள் நற்குணங்களை வரிசையாக அடுக்கத்தான் என்னைப் பணித்தார்கள். அடுக்க முடியவில்லை, அம்மையீர். பேனாவை எடுத்தால் நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமைதான் வந்து நிற்கிறது. அதை எழுதிவிடுகிறேன்.

பார்வையற்ற வாசகர்களுக்காகத் தன்னார்வலர்கள் வாய்விட்டு வாசித்துப் பதிந்த பதினெட்டாயிரம் பாடங்களும் கணினி வட்டுகளில் அமைந்த ஒரு பெட்டகத்தில் இருந்தன. அந்தப் பெட்டகத்தைத் திறந்து, உள்ளே இருப்பவற்றைக் கோப்புகளாகக் காட்ட ஒரு நிரல் உண்டு. கெர்னலுக்குள் புகாமல், சாதாரண நிரலைப் போல வெளியிலேயே நின்று வேலை பார்க்கும் நிரல் அது. பழைய கணினி ஒரு காலையில் படுத்தது, எழவில்லை. புதிய கணினியை இயக்கும் சிஸ்டமோ வேறு. அந்த நிரல் பேசும் பேச்சு இதற்குப் புரியாது. நிரலைப் புதிதாக எழுதிவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். தாங்கள் மட்டும் மறுத்தீர்கள். இதே வகையில் இன்னும் மூன்று நிரல்கள் நம்மிடம் இருக்கின்றன, நாளை முப்பது வரும், ஒவ்வொன்றையும் உடைத்து எழுதிக்கொண்டிருக்க முடியாது என்றீர்கள். நிரலில் ஓர் எழுத்தையும் தொடாமல், இரண்டுக்கும் நடுவில், ஒன்றின் பேச்சை மற்றொன்றுக்கு மொழிபெயர்க்கும் ஓர் இணக்க அடுக்கை எழுத உட்கார்ந்தீர்கள். ஐந்து மாதம் எழுதினீர்கள்.

எழுதி முடித்துப் பெட்டகத்தைத் திறந்தோம். பிழைச் செய்தி எதுவும் இல்லை. கைதட்டினோம். பட்டியலைக் கேட்டோம். ஒரு கோப்பும் இல்லை. காலி.

எட்டு நாள் வட்டுகளைச் சோதித்தோம். காலியான பெட்டகம் இத்தனை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்காதே என்று தாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். எல்லாம் சிதைந்த குப்பை என்று நான் வாதாடினேன். பெயர்களைக் கொண்டு தேடலாம் என்றால், பெயர்ப் பட்டியலும் பழைய கணினியோடு போயிருந்தது. இந்தச் சபையில் இதைச் சொல்ல நாக்கு கூசுகிறது: ‘வட்டுகள் காலி, அழித்து மறுபயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்’ என்று குறிப்பு எழுதியவன் நான்தான். தாங்கள் திருப்பி அனுப்பாமல் இருக்க, தாங்கள் விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து இயக்குநரிடம் கையெழுத்தும் வாங்கினேன். வெள்ளிக்கிழமை அழிப்பதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை உணவு இடைவேளையில், தொலைபேசி இணைப்பு அறையிலிருந்து எக்ஸ்சேஞ்ச் அண்ணன் படியிறங்கி வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். இருநூறு உள்ளிணைப்பு எண்களும் அவருக்கு மனப்பாடம். பதவி உயர்வுத் தேர்வுக்கு வயது வரம்பு அவருக்கு அந்த ஆண்டோடு முடிந்தது. தேர்வுக்கு நாற்பது நாள். அதற்கான சட்டப் புத்தகங்களும் அலுவலக விதிகளும் ஒலியாக இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டகம். எட்டு ஆண்டுகள் உணவு இடைவேளைதோறும் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, நானூற்றுப் பன்னிரண்டு பாடங்களாக அவற்றை வாசித்தவர் அவர் மனைவி, எங்கள் அண்ணி. நாற்பது நாளில் இன்னொரு முறை வாசிக்க முடியுமா? அண்ணி முன்பே முயன்று பார்த்திருந்தார். ஒன்பதாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

அண்ணனிடம் நான்தான் சொன்னேன், ஒன்றும் இல்லை, சிஸ்டமே காலி என்கிறது என்று. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. தங்கள் நாற்காலியைத் தடவிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“லிஸ்ட்ல வரலன்னா உள்ள இல்லன்னு அர்த்தமா மேடம்? நான் பேரு சொல்றேன், அடிச்சுப் பாருங்க.”

பதினோரு ஆண்டுகள் பழைய கணினியில் விரலால் தட்டித் தட்டிக் கேட்டவர். ஒவ்வொரு கோப்பின் பெயரும் அவர் விரலில் இருந்தது. ஏழாம் பாகம், பதினோராம் பாடம் என்று தொடங்கி, கோடு, புள்ளி உட்பட எழுத்தெழுத்தாகச் சொன்னார். தாங்கள் தட்டினீர்கள். நான் மனத்துக்குள் சிரித்தேன். இரண்டு விநாடி ஆயிற்று.

“பிரிவு நாற்பத்தொன்று. பணியாளரின் விடுப்பு விண்ணப்பம்…” என்று ஒலிபெருக்கியில் அண்ணியின் குரல் கணீரென்று வந்தது. பிறகு ஓர் இருமல். பிறகு, “இருங்க, தண்ணி குடிச்சிட்டு வரேன்.”

அறையே அதிர்ந்தது, அம்மையீர்! யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்று நினைவில்லை. அண்ணன் மட்டும் அசையாமல் நின்றார். “காலையில குடை எடுத்துட்டுப் போங்கன்னு சொன்ன அதே குரல்தான் மேடம்” என்றார். அவர் கன்னம் நனைந்திருந்தது. நான் நேரே இயக்குநர் அறைக்கு ஓடி, என் குறிப்பை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக் கிழித்தேன். ஓடியதில் ஒரு செருப்பு படிக்கட்டிலேயே நின்றுவிட்டது.

நாங்கள் குதித்துக்கொண்டிருக்கையில், தாங்கள் திரைக்குத் திரும்பிவிட்டீர்கள். கூப்பிட்டால் வருகிற கோப்பு பட்டியலில் ஏன் வரவில்லை? மாலை நான்கு மணிக்கு விடை கிடைத்தது. பட்டியல் தரும்போது ஒவ்வொரு கோப்புக்கும் நிரல் ஓர் எண் சொல்ல வேண்டும். அந்த நிரல் எல்லாக் கோப்புக்கும் பூஜ்யம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அது பிறந்த சிஸ்டத்தில் அந்த எண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. நம் சிஸ்டத்திலோ பூஜ்யம் என்றால் அழிக்கப்பட்டது என்பது பழைய வழக்கம். ஆகவே நம் சிஸ்டம் பதினெட்டாயிரத்தையும் தாண்டித் தாண்டிப் போய், காலி என்று நம்மிடம் சத்தியம் செய்தது. நிரலில் ஒரே வரியை மாற்றினால் தீர்ந்தது என்று நான் துள்ளினேன்.

“அந்த நிரல் மேல தப்பு இல்ல. அது பேசுறது நமக்குப் புரியலன்னா, நாமதான் கத்துக்கணும்” என்றீர்கள்.

பூஜ்யம் வந்தால் அடுக்கே ஓர் எண் கொடுக்கும்படி பதினோரு வரி சேர்த்தீர்கள். பட்டியல் திரையில் ஓடத் தொடங்கியது. ஓடியது, ஓடியது, நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வரும்வரை ஓடியது.

அதோடு முடியவில்லை. நடுவில் நிறுத்திய பாடம் விட்ட இடத்தில் தொடராமல் முதலிலிருந்து தொடங்கியது. நீளமான பெயர்கள் வால் அறுந்து வந்தன. இதையெல்லாம் படிக்கிற படிப்புக்கு நடுவே கண்டுபிடித்து, பிரெயில் என்னும் புள்ளியெழுத்தில் குத்தி அனுப்பியவர் அண்ணன். அறுபத்து மூன்று தாள்கள்! யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லியிருக்கலாம் தாங்கள். நான்காம் தாளுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு தாங்களே தடவித் தடவிப் படிப்பதைக் கதவிடுக்கு வழியாக நாங்கள் எல்லோருமே பார்த்தோம். தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். இன்று அந்த இணக்க அடுக்கின் மீது நான்கு நிரல்கள் ஓடுகின்றன, ஒன்றிலும் ஓர் எழுத்து மாறவில்லை. நானும் இப்போதெல்லாம் ‘காலி’ என்று எழுதுமுன் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

அண்ணன் தேர்வில் தேறினார். தொலைபேசி அறையிலிருந்து மூன்றாம் மாடிக்கு, நிர்வாகப் பிரிவு அலுவலராகப் போனார். தங்கள் ஓய்வு ஆணை கையெழுத்துக்கு வந்தபோது மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தவரும் அவர்தான். ஏன் என்று கேட்டதற்கு, பொறுங்க, பார்ப்போம் என்றாராம்.

இந்த மடலை எழுதியவன் நான். இதை இப்போது மேடையில் நின்று, தாளின் மேல் விரலை ஓட்டித் தங்களுக்கு வாசித்துக்கொண்டிருப்பவர் அவர். தம்மைப் பற்றிய பகுதியைத் தாண்டிவிடுவேன் என்று மிரட்டினார். தாண்டாமல் வாசித்ததற்கு நன்றி. ‘நான்’ என்று வந்த இடமெல்லாம் எழுதியவனையே குறிக்கும். காலி என்று எழுதிய பழி அவருக்குப் போக வேண்டாம்.

அம்மையீர்! காலையில் அவசரமின்றி எழுந்து, கம்பளிச் சட்டை தேவைப்படாத வெயிலில் உட்கார்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகளாகப் பொறுத்திருந்த கணவரோடு, நோய் நொடியின்றி நூறாண்டு நிறைவாக வாழுங்கள். அடுக்கில் ஏதாவது கோளாறு என்றால் கூப்பிடுவோம், வராமல் இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு செய்தி. இம்மடலுக்குச் சட்டம் போட்ட கடைக்காரர் கண்ணாடி வேண்டாமா என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்றோம். ஒவ்வொரு வரிக்கும் கீழே அதே வரி புள்ளியெழுத்திலும் இருக்கிறது. கண்ணாடி போட்டால் தங்கள் விரல் படாது. தூசி படியும்தான். அவ்வப்போது துடைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
காலி என்று எழுதியவன் உள்ளிட்ட கணினிப் பிரிவினர்,
ஒலிப்பதிவு அறையினர்,
மூன்றாம் மாடியினர்,
பேசும் நூலகம்