பின்கதவுக்கு நாலு எட்டு

இந்த நாற்காலி என் உடம்பைத் தாங்காது சார். நின்றுகொண்டே சொல்கிறேன், காவலுக்கு நிற்பதற்குத்தானே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்.

மேடம் பெரிய நடிகை என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய நடிகையாக இருந்தவர் என்பது ஊருக்கே தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான். கட்டடத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். கேட்க ஆளே இல்லாத இடத்திலும், "ப்ளீஸ், இன்னைக்கு போட்டோ வேண்டாமே" என்பார். விமான நிலையத்தில் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான் என்று முடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். அவன் சிக்னல் தேடிக்கொண்டிருந்தான். நான் பாய்ந்துபோய் அவனை மறைத்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மேடத்துக்கு மனசு நிறைந்தது.

காதலா என்று கேட்டீர்கள். ஆமாம். கூட்டம் நெருக்கும்போது என் இடது கை அவர் தோளைச் சுற்றும், வலது கை வழி விலக்கும், அவர் முகம் என் சட்டையில் புதைந்திருக்கும். எங்கள் குடும்ப வாழ்க்கை முழுவதும் வாசலிலிருந்து கார்வரைதான். கார்க் கதவைச் சாத்தினால் விவாகரத்து.

பிறகு கூட்டம் குறைந்தது. ஜனங்கள் வழிவிட்டார்கள், அதுவும் மரியாதையாக. நான் தள்ளியே நடக்க வேண்டியதாயிற்று. மேக்கப் அக்காவுக்கு ஒரே கொண்டாட்டம். "ஏம்ப்பா மலை, ஈ ஓட்டவா இவ்ளோ பெரிய உடம்பு? ஒரு விசிறி போதுமே" என்பார். நல்ல மனுஷி. என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "நாளைக்குக் கடைத் திறப்பு விழா இருக்கில்ல? அதோட நீங்க நின்னுக்கலாம், மலை" என்றார்.

அன்று மாலை காரில் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் மலை, கூட்டம் வந்தாதான் என் கையைப் பிடிப்பீங்களா?" என்றார். அவர் கை சீட்டில், எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. முன்சீட்டு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், கூட்டத்துக்கு எவ்வளவு ஏங்கிப்போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏற்பாடு பண்றேன் மேடம்" என்றேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஏற்பாடு ஒன்றும் பெரிதில்லை. திறக்கப்போவது போன் கடை. முதலில் உள்ளே நுழைபவர்களுக்கு மேடம் கையால் இலவசப் போன் என்று ரசிகர் மன்றத் தலைவரிடம் ஒரு வார்த்தை போட்டேன். தெருவே திரண்டுவிட்டது. மேடம், "இவ்ளோ பேரா!" என்று மலர்ந்தார். மைக்கில் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்த கடை முதலாளி பாதியில் நிறுத்தினார். அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அது.

பின்கதவைப் பூட்டியது நான்தான். அது திறந்திருந்தால் காருக்கு நாலே எட்டு. நாலு எட்டில் என்ன காதல் சார்? பூட்டிவிட்டு வந்து, கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த வாசல் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

கூட்டம் உள்ளே புகுந்தது. மேடம் என்னைக் கட்டிக்கொண்டார். கண்ணாடி உடைகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அக்கா பின்கதவில் நசுங்கிக்கொண்டே, "மலை, சாவிப்பா! சாவியைத் தூக்கிப் போடு!" என்றார். சாவி என் பேன்ட் பையில்தான் இருந்தது. எடுக்க ஒரு கை வேண்டும். இரண்டுமே மேடத்தைச் சுற்றியிருந்தன. "குடுத்துடுங்க மலை, குடுத்துடுங்க" என்று மேடமும் என் நெஞ்சில் குத்தினார். பயத்தில் சொல்வதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பால பாடம். அக்காவின் குரல் நின்ற பிறகும் நான் பிடியைத் தளர்த்தவில்லை.

அக்காவோடு சேர்த்து ஒன்பது பேர் என்கிறீர்கள். சரி. மேடத்தின் மேல் ஒரு கீறல் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அவர் வீட்டு வாசலில் ஜனங்கள் கல்லும் கட்டையுமாக நிற்கிறார்களாம், வெளியே காவலர்கள் பேசிக்கொண்டார்கள். என்மேல் புகார் கொடுத்ததே அவர்தான் என்று காட்டினீர்கள். இருக்கட்டும், பயத்தில் இருக்கிறார். ஒரு மணி நேரம் என்னை அங்கே கூட்டிப்போங்கள் சார். கைவிலங்கைக்கூடக் கழற்ற வேண்டாம். இந்த இரண்டு கைக்கும் நடுவில் அவர் சரியாக அடங்குவார்.