பெட்ரோல் குடித்த கார்

சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கடைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிய சின்னக் கார் வாங்க, விலை விசாரிக்கப் போகிறார்களாம். ஒட்டுக் கேட்டது என் தவறுதான்.

“பத்து வருஷத்துல ஒரு நாளும் வழியில நின்னதில்ல ஜரினா. ஆனா மூணு மாசமா பெட்ரோல் ஜாஸ்தியா குடிக்குது.”

“வண்டி மேல பழி போடாதீங்க. குடிக்க வச்சது நான்.”

“இன்னா சொல்ற?”

“நீங்க கடைக்கு நடந்து போனதும் ஓட்டக் கத்துக்கினு இருந்தேன். உங்கம்மாதான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க.”

“அம்மாவுக்கே ஓட்டத் தெரியாதே.”

“அதான் மூணு மாசம் ஆச்சு.”

ஜரினா பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார். கணவர் சிரித்த சிரிப்பில் நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

என் மனைவியும் ஒருமுறை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவா என்று கேட்டாள். நான் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

“புது வண்டி வேணாம், எறங்கு, வூட்டுக்குப் போலாம்” என்று கடைக்காரர் எழுந்தார். “ஞாயித்துக்கிழமை கரியாலூர் மலைக்கு நீயே ஓட்டு. நான் பின்னால உக்காந்துக்கிறேன்.”

“ஏன் பின்னால?”

“முன்னால அம்மா உக்காரணுமே, சொல்லிக் குடுக்க.”