ஆறாவது யானை

கத்தாதீங்கம்மா, குழந்தை முழிச்சுக்கும். முதல்ல உள்ள போய் அந்தத் துணி யானைய அது கையிலேர்ந்து மெதுவா எடுத்துட்டு வாங்க. தும்பிக்கைய வாயில வச்சிருந்தா கன்னத்த லேசா அமுக்குங்க, தானா விட்டுரும். மீதியெல்லாம் அப்புறம் திட்டலாம். நான் எங்கயும் ஓடல, இந்த வாசல்லயே நிக்கிறேன்.

வந்துருச்சா? அப்பாடா. முழிக்கலையே? வாயி, கையெல்லாம் நல்லாப் பாத்தீங்களா? சரி. இப்படி மேசை மேல வைங்க. கத்திரிக்கோல் நானே கொண்டாந்திருக்கேன். பழைய வெள்ளத் துணி இருந்தா ஒண்ணு விரிங்க, இல்லன்னா பேப்பர் போதும்.

ஆமாம்மா, ஊசிதான். குண்டூசி இல்ல, பொம்மைக்குக் காலு வச்சுத் தைக்கிற ஊசி. என் நடுவிரல் நீளம் இருக்கும். காது பிரிஞ்சிருக்கு, தச்சுத் தரேன்னு ஏதாச்சும் சொல்லி வாங்கிட்டுப் போயிருக்கலாம். மொத வீட்டுல அப்படித்தான் சொன்னேன். அந்தம்மா, காது நல்லாத்தானே இருக்குன்னு யானைய இழுத்து இழுத்துப் பாத்தாங்க. எனக்கு உசிரு போயிட்டு வந்துச்சு. ரெண்டாவது வீட்டுலேர்ந்து உள்ளத உள்ளபடியே சொல்லிடுறேன். ஒரு வீட்டுல கதவ மூஞ்சியிலயே சாத்துனாங்க. சாத்திட்டு ஜன்னல் வழியா யானைய வெளிய வீசுனாங்க. போகட்டும், நமக்கு யானை வந்தா சரி.

எப்படி உள்ள போச்சுன்னா கேக்குறீங்க? நானும் என் நாத்தனாரும் ரெண்டே பேருதான் இந்தத் தொழில்ல. அவங்க துணி வெட்டி, கையாலேயே பூ வேலை செய்வாங்க. நான் பஞ்சு அடைச்சு, காலு காது வச்சு முடிப்பேன். காலைல பன்னண்டு ஊசி எண்ணி எடுக்கணும், சாயங்காலம் பன்னண்டு எண்ணி வைக்கணும். எண்ணாம ஒரு பொம்மையும் வாசப்படி தாண்டக் கூடாது. அது அவங்க போட்ட சட்டம். நடுவுல யாராச்சும் கூப்பிட்டா ஊசிய அதுக்குன்னு இருக்கிற குட்டித் தலகாணியில குத்திட்டுத்தான் எந்திரிக்கணும், பொம்மையில குத்தக் கூடாது. நான் குத்துவேன். இருபது வருஷப் பழக்கம், கை சொன்ன பேச்சக் கேட்டாத்தானே? வெளிய தெரியற மாதிரிதான் குத்துவேன். ஆனா மெத்துமெத்துனு இருக்கிற சாமான், நகத்தி வைக்கும்போது ஒரு அமுக்கு அமுக்குனா ஊசிய முழுங்கிரும்.

தும்பிக்கையில இல்ல. இந்தக் காலுலயும் இல்ல.

அன்னைக்கு எண்ணிப் பாத்தா பதினொண்ணு. பதினெட்டு நாள் ஆச்சும்மா. கீழ எங்கயாச்சும் விழுந்திருக்கும்னுதான் நெனச்சேன். தரையெல்லாம் காந்தத்த வச்சுத் தடவுனேன், கிடைக்கல. நாத்தனாருகிட்ட சொன்னா அன்னைக்குத் தச்ச ஆறு யானையையும் பிரின்னுவாங்க. விடிஞ்சா கைவினைக் கண்காட்சி, மேசை போட்டு அடுக்கணும். நான் என்ன பண்ணேன்? டப்பாவுலேர்ந்து புதுசா ஒரு ஊசிய எடுத்து வச்சுட்டு, பன்னண்டு சரியா இருக்குன்னுட்டேன். ஊரு உலகத்துல முழுப் பூசணிக்காயவே சோத்துல மறைக்கிறாங்க. எனக்கு ஒரு ஊசிய மறைக்கத் துப்பில்ல.

இன்னைக்குக் காலைலதான் மாட்டுனேன். பழைய ஊசியெல்லாம் கறுத்துக் கிடக்கு, புதுசுக்கு மட்டும் காது தங்கமா மின்னுது. அவங்க கண்ணுல பட்டுருச்சு. வாங்குனவங்க விலாசம் எழுதி வச்ச நோட்ட எடுத்து என் கையில குடுத்து, வாசலக் காட்டுனாங்க. நாலு வார்த்த திட்டியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்.

வேணாம்மா, தண்ணி எறங்காது. பயம்னா அப்படி ஒரு பயம். ஒவ்வொரு வீட்டு மணியையும் அடிக்கிறப்போ உள்ள குழந்த அழுற சத்தம் கேக்குதான்னு காதக் குடுத்து நிப்பேன். உங்க வீட்டுல சத்தமே இல்ல. அது இன்னும் பயமாப் போச்சு.

மத்த அஞ்சுலயும் இல்ல. எல்லாத்தையும் குடைஞ்சாச்சு. இதான் ஆறாவது. அதனாலதான் சொல்றேன், நீங்களும் உக்காந்து பாருங்க. பஞ்சப் பிச்சுப் பிச்சு விரல்ல உருட்டுங்க. மெதுவா, குத்திரப் போகுது. நான் ஒரு தடவ பாத்தத நீங்க இன்னொரு தடவ பாருங்க. வயித்துக்குள்ள கடைசி வரைக்கும் விடுங்க கைய.

இல்லையா? அந்த மடிப்புல? காதுக்குள்ள? இங்க குடுங்க.

இல்ல.

ஐயோ, அழாதீங்கம்மா. உங்க குழந்தைக்கு ஒண்ணுமில்ல. நல்லாத் தூங்கட்டும். அழுங்க, சிரிங்க, உங்க இஷ்டம். நான் கொஞ்சம் இப்படிக் கீழ உக்காந்துக்கிறேன்.

தரையிலதான் விழுந்திருக்கும்னு சொல்றீங்க. அப்படி நெனச்சுக்கலாந்தான். ஆனா ஆறுங்கிறது நாத்தனாருக்குத் தெரிஞ்ச ஆறு. அன்னைக்கே மிச்சத் துணியில சின்னதா இன்னொண்ணு தச்சேன், என் தங்கச்சி குழந்தைக்கு. பத்து மாசம் ஆகுது. அவ அப்பவே சொன்னா, அக்கா இதெல்லாம் இப்ப வேணாம், எதக் குடுத்தாலும் வாயில வைக்குதுன்னு. நான்தான் சண்ட போட்டுக் குடுத்தேன். பெரியம்மா கையால தச்சது எந்தக் கடையிலடி கிடைக்கும்னு.

அஞ்சாவது வீட்ட விட்டு எறங்கும்போது போன் பண்ணா. குழந்த முந்தாநாள்லேர்ந்து ஓயாம அழுவுதாம். தாடையில சின்னதா ஒரு கீறலாம். என்னக்கா பண்றதுன்னா. நகம் வளந்திருக்கும், வெட்டி விடுடின்னு சொல்லி வச்சுட்டேன். யானையப் பத்தி வாயத் திறக்கல. வரல, திறக்க வரல. மிச்சம் இருக்கிற ஒண்ணுல கிடைச்சுட்டா அவகிட்ட எதுவுமே சொல்ல வேண்டியதில்லையேன்னு ஓடி வந்தேன்.

உங்க படி ஏறுனேனே, ஒவ்வொரு படிக்கும் வேண்டிக்கிட்டேம்மா. இந்த வீட்டு யானையிலதான் இருக்கணும், இங்கயே இருக்கணும்னு. ஆமா, உங்க குழந்த கட்டிப் பிடிச்சுத் தூங்குற யானையில. அப்படித்தான் வேண்டுனேன். அடிக்கணும்னா அடிங்க.

அதுக்கு முன்னாடி இந்த போன வாங்குங்க. தங்கச்சின்னு மேலயே இருக்கும். நீங்க பேசுங்க. குழந்த கையிலேர்ந்து யானைய முதல்ல எடுக்கச் சொல்லுங்க.