வியாழக்கிழமைச் சந்தை

எர்சீலியா: ...வேற காரணம் சொல்லு. பனி விழும்னு மட்டும் சொல்லாதே. தியேட்டர் நம்ம தெருமுனையிலதான் இருக்கு.

ஓரெஸ்தே: தொண்டை கட்டிக்கும்னு சொன்னேன்...

எர்சீலியா: காலையில காலையில இருமறது நீ. தொண்டை எனக்கா கட்டிக்கும்?

ஓரெஸ்தே: அந்தப் புதுப் பையன் வேற. வாத்தியக்காரங்க முன்னாடி நின்னு குச்சி ஆட்டறான், ஈ ஓட்டற மாதிரி.

எர்சீலியா: போன வாரம் தங்கமான பையன்னியே.

ஓரெஸ்தே: பையன் தங்கம்தான். குச்சிதான்...

எர்சீலியா: ஓரெஸ்தே, நான் மேடையை விட்டு ஆறு வருஷமாச்சு. அறுபது வயசுக்காரியை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஸ்தேவான் திருநாளன்னிக்கு வந்து ஒரே ஒரு பாட்டு பாடுங்கன்னு கேக்கறாங்க. இருபத்திரெண்டு வயசுல நான் முதல்முதலா நின்ன மேடை. கட்டின பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை, போய்ப் பாடுன்னு சொன்னா என்ன?

ஓரெஸ்தே: இது பார்மா. மேல் மாடத்துல யாரு உக்காருவான்னு தெரியாதா? கசாப்புக்கடை காலிஸ்தோ. ஒரு சுரம் பிசகினா விசில் அடிச்சே மேடையை விட்டு விரட்டுவான்.

எர்சீலியா: மறுநாள் எனக்கு வெறும் எலும்பாப் பொட்டலம் கட்டுவான். தெரியும். பிசகாது. காலையில கேட்டியே, அந்த மேல் சுரம் எப்படி நின்னுச்சு?

ஓரெஸ்தே: நின்னுச்சு...

எர்சீலியா: அப்புறம் என்ன? சூப்பை ஊத்து. ஏன் மேஜையில ஊத்தறே?

ஓரெஸ்தே: வயசாச்சு.

எர்சீலியா: ஊர்ப் பியானோவுக்கெல்லாம் சுருதி கூட்டறப்போ வயசு தெரியறதில்லையே.

ஓரெஸ்தே: எர்சீலியா... கரண்டியைக் கீழே வை.

எர்சீலியா: வெச்சாச்சு.

ஓரெஸ்தே: நம்ம வீட்டுப் பியானோ... சுருதி சரியில்லை.

எர்சீலியா: நல்ல கதை. வெளியில சொல்லாதே, பொழப்பு போயிடும்.

ஓரெஸ்தே: கேலி பண்ணாதே. நான்தான் இறக்கினேன். ரெண்டு வருஷமா, கொஞ்சம் கொஞ்சமா. இப்ப அரைச்சுருதி கீழே கிடக்கு. தியேட்டர்ல சரியான சுருதியிலதான் வாசிப்பாங்க. காலையில நீ பிடிச்சியே... அது அந்த மேல் சுரமே இல்லை. திட்டு. ஏதாவது சொல்லு.

எர்சீலியா: ஏன் செஞ்சே?

ஓரெஸ்தே: ரெண்டு வருஷம் முன்னாடி ஒருநாள் வீட்டுல பாடறப்போ, அந்த மேல் சுரத்துல உனக்குக் குரல் உடைஞ்சுதே. பியானோவை மூடிட்டு மூணு நாள் சமையக்கட்டு ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தே. லிஸ்பன், பியூனஸ் அயர்ஸ்னு சுத்தி வந்தவ, ரொட்டியைக்கூட தொடலை. என்னால பாக்க முடியலை. எனக்குத் தெரிஞ்சது ஒரே வேலை. சுருதிச் சாவியை எடுத்துட்டேன்... நாளைக்கு நீ போய் சரின்னு கையெழுத்துப் போட்டா...

எர்சீலியா: எதுல போடறது? முடியாது, மன்னிச்சுக்கோங்கன்னு திங்கக்கிழமையே எழுதி அனுப்பியாச்சு.

ஓரெஸ்தே: என்னது? அப்ப இவ்வளவு நேரம் பேசினது?

எர்சீலியா: நீயா எப்ப வாயைத் திறக்கறேன்னு பாத்தேன். சூப் ஆறினதுதான் மிச்சம்.

ஓரெஸ்தே: உனக்கு... தெரியுமா?

எர்சீலியா: முதல் மாசமே. பியானோவை இறக்கினே, எதிர்ல மாதா கோயில் மணியை இறக்க முடிஞ்சுதா? நான் பாடறப்போ எட்டு அடிக்கும், ரெண்டும் ஒட்டாது. உடனே உனக்கு இருமல் வந்துடும். மணி நின்னா இருமலும் நின்னுடும். எந்த டாக்டரும் பாத்திராத இருமல்.

ஓரெஸ்தே: தெரிஞ்சுமா தினம் பாடினே?

எர்சீலியா: பக்கத்து ரூம்ல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பே. அந்தச் சுரம் நின்னதும் மூச்சை விடுவே. அது எனக்குக் கேக்கும். அதுக்காகப் பாடினேன்.

ஓரெஸ்தே: மேடைக்கு ஆசை இல்லையா உனக்கு?

எர்சீலியா: இருந்துச்சு. கடிதாசை ஒட்டறப்போ அழுதேன். இப்ப பரவாயில்லை.

ஓரெஸ்தே: நான் ஒரு மடையன். நீ சந்தைக்குப் போனதும் ஓடிப்போய், எங்க பாதியில வந்துடுவியோன்னு பதறிக்கிட்டு ஒவ்வொரு கம்பியா இறக்குவேன். நல்ல வேளை, வியாழக்கிழமைன்னா நீ எப்பவும் லேட்டா வருவே.

எர்சீலியா: சந்தையில எனக்குப் பத்து நிமிஷ வேலைதான், ஓரெஸ்தே. மீதி நேரம் நம்ம வாசல்லதான் பையோட நிப்பேன், நீ முடிக்கட்டும்னு.