திருநீற்றில் கால்சியம்

தே தாரிக் அருமை, நுரை பொங்க ஆற்றிய தேநீருக்கு நன்றி. விசாரணைக்குக் கூப்பிட்டவனுக்கு இவ்வளவு மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் ராஜசேகரன். முனைவர் பட்ட ஆய்வில் இது ஏழாவது வருடம். ஆன்டெனாக்களுக்கான பீங்கான் வில்லைகள் செய்கிறேன். தூளைக் கலந்து அழுத்தி, ஆயிரத்து முந்நூறு டிகிரியில் சுட்டு, நிமிடத்துக்கு இரண்டு டிகிரியாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வில்லை வெடித்துவிடும். எங்கள் பேராசிரியருக்கு இந்தத் தொல்லையெல்லாம் தெரியாது. அவர் பார்ப்பது வரைபடங்களின் நிறத்தை மட்டும்தான்.

லோஷினி எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி, மூவார் ஊரிலிருந்து வந்த பெண். அவள் சுட்ட முதல் வில்லையே, நான் ஏழு வருடமாகத் தேடிய அளவைக் கொடுத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு வில்லை ஆய்வாகாது, பத்து வேண்டும். ஜூனுக்குள் பத்தையும் காட்டாவிட்டால் அவள் பதிவு ரத்தாகும். அதற்குப் பிறகு சுட்டதெல்லாம் வெடித்தது.

ஒவ்வொரு முறையும் உடைந்த துண்டுகளோடு என்னிடம்தான் வந்து அழுவாள்.

"அண்ணே, அதே கலவைதான். நான் என்ன தப்பு செஞ்சேன்?"

சூளைக் கதவில் திருநீறு பூசிவிட்டுத்தான் அவள் தொடங்குவாள். அதைக் காட்டிச் சொன்னேன்.

"திருநீறுல கால்சியம் இருக்கு லா, தங்கச்சி. அதான் உள்ள போய்க் கெடுக்குது."

மறுநாள் அவள் நெற்றியிலும் திருநீறு இல்லை. வில்லை அன்றும் வெடித்தது. உன் கை ராசி அப்படி, என்ன செய்ய முடியும் என்று ஆறுதல் சொன்னேன். மே மாதமே விலகிவிட்டாள். இப்போது செனாயில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு முத்திரை ஒட்டுகிறாளாம். அருமையான கலவை வீணாகப் போகலாமா? அதை என் ஆய்வேட்டில் சேர்த்துக்கொண்டேன். நான் சுட்ட வில்லைகள் அத்தனையும் பிசகில்லாமல் வந்தன.

சூளை தன் கட்டளைகளையெல்லாம் பதிந்து வைக்கும் என்பது புதிதாக வந்த ஆய்வக உதவியாளர் காளிதாசுக்குத் தெரிந்திருக்கிறது. பீங்கானில் டாக்டராகப் போகிற எனக்குத் தெரியவில்லை. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள். அவள் சாப்பிடப் போன பதினான்கு நாளும், ஆறவிடும் வேகத்தில் அந்த இரண்டு டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு சுழியம் சேர்த்தது நான்தான்.

ஆனால் அவளுக்குக் கெடுதல் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவளுடைய விலகல் கடிதம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அதில் இந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் பெயர் குறிப்பிட்டு நன்றி கூறியிருப்பது ஒரே ஒருவருக்கு, எனக்கு.