தெற்கு வீதியில் நின்ற வண்டி

— இளமதி, அந்தத் தடுப்ப நீ ஒரு பக்கம் தூக்கு, நான் இந்தப் பக்கம் புடிக்கிறேன். கொளஞ்சி, வண்டிய ஸ்டார்ட் பண்ணு மச்சான்.

— தூக்காத, உபைது. இன்ஸ்பெக்டர் நம்மளத்தான் பாக்குறாரு.

— பாக்கட்டும். ராத்திரி எனக்கு ஃபிளைட்டு. இப்பக் கெளம்புனாத்தான் மெட்ராஸ் போய்ச் சேர முடியும்.

— டேய் உபைது, இளமதி, தேர் தெற்கு வீதிக்குத் திரும்பிடுச்சு. வடம் தெரியுது பாருங்க. லூசுங்களா, ரெண்டு பேரும் லாட்ஜ் கேட்டுக்குள்ள வாங்க, மிதிபட்டுச் சாகப் போறீங்க.

— போச்சு. இனிமே தெருவ எப்பத் தெறப்பாங்க, இளமதி?

— போலீஸ்காரரக் கேட்டுட்டேன்பா. அஞ்சு தேரும் சுத்தி நிலைக்குப் போகணுமாம். சாயங்காலம் ஆகிடும்.

— சரி, வண்டி கெடக்கட்டும். டிக்கியத் தெற மச்சான். பெட்டிய எடுத்துகிட்டு சந்து வழியா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துடுறேன்.

— கூட்டம் ஜாஸ்தியா இருக்குது மாப்ள. பெட்டியத் தலையில வெச்சுகினு எங்க போவ? ரிசப்ஷன்ல திருவாதிரைக் களி தராங்க. சூடா இருக்குது, ஒரு வாய் சாப்புடு.

— வேலைக்குப் போறவன நிக்கவெச்சு களி ஊட்டுற பாரு, நீதான்யா ஃபிரெண்டு. சாவியக் குடு.

— குடுத்துடு கொளஞ்சி. பாவம் அவன். இந்த வேலையில சேந்தாத்தான் நிக்காஹ்னு ஷஹனாஸ் வூட்ல கறாரா சொல்லிட்டாங்க. லால்பேட்டையில ஹாலே பேசியாச்சு.

— தெரியும், இளமதி.

— தெரிஞ்சும் ஏன் சாவிய பாக்கெட்டுல அமுக்கிப் புடிச்சிகினு நிக்கிற?

— இரு இளமதி, நான் கேக்குறேன். மச்சான், நேத்து மத்தியானம் கடலூர்லேருந்து வந்து வண்டிய எங்க போட்டோம்?

— பைபாஸ் ஓரம், கல்யாண மண்டபத்து கிரவுண்டுல.

— அங்க நின்ன வண்டி ராவோட ராவா தேரோடுற தெருவுக்குள்ள எப்படி வந்துச்சு?

— நான்தான் எடுத்தாந்தேன். பெட்டி ஏத்தச் சுளுவா இருக்கும்னு.

— நீ கீரப்பாளையத்துக்காரன். மார்கழித் தேரும் ஆனித் தேரும் பாத்தே வளந்தவன். தேரன்னிக்கு நாலு வீதியிலயும் வண்டி நகராதுன்னு உனக்குத் தெரியாது?

— மறந்துட்டேன்.

— மறந்துட்டானாம். கேட்டியா, இளமதி?

— கேட்டேன். வெளியூரு, குடிகாட்டுக்காரி எனக்கே தெரியுது, இவன் மறந்துட்டானாம். கொளஞ்சி, நெசத்தச் சொல்லு. வேணும்னே பண்ணியா?

— ஆமா.

— ஆமாவா? வருஷா வருஷம் தேருக்கு ஒண்ணா வரோம், இந்த வாட்டி எனக்குச் செண்ட் ஆஃப்னு கூப்புட்டது நீ. ஏர்போர்ட்டுல நானே எறக்கி விடுறேன்னதும் நீ. எல்லாம் இதுக்குத்தானா?

— கூப்புடும்போது அப்படி நெனைக்கல மாப்ள. நேத்துதான்.

— நேத்து என்ன ஆச்சு? கடலூர் சில்வர் பீச்சுல வஞ்சிரம் தின்னோம், இவ அலையில செருப்ப வுட்டா, சிரிச்சோம். அதுல எங்க மச்சான் உனக்கு வயித்தெரிச்சல் வந்துச்சு?

— என் செருப்ப இதுல இழுக்காத. ஆனா கொளஞ்சி, நீ நடுவுல ஃபோனத் தூக்கிகினு லைட் ஹவுஸ் பக்கம் போன. திரும்பி வந்தப்ப மூஞ்சி சரியில்ல. மீனையும் தொடல.

— எனக்குப் புரிஞ்சுடுச்சு, இளமதி. இவன் தம்பி தேவநாதன் பாங்காக் போயி வருஷம் ஆகுது. மாசா மாசம் கோட்டும் சூட்டுமா ஃபோட்டோ அனுப்புறான். கம்பெனியில சொல்லி எனக்கு வேலை புடிச்சதும் தேவாதான். தம்பி நல்லா இருக்கலாம், கூட்டாளி நல்லா இருந்துடக் கூடாது. அதானே மச்சான்?

— நீ என்ன வேணா பேசிக்க. சாவி தர மாட்டேன்.

— வேணாம். தேவாவுக்கே ஃபோன் போடுறேன். அவன் கேக்கட்டும் உன்ன.

— போடாத, உபைது.

— அண்ணன் பண்ணுன வேலை தம்பிக்குத் தெரிய வேணாமா?

— போடாதன்னு சொல்றேன்ல. பக்கத்துல ஆளு நின்னுகினு இருப்பான். நீ ஃபிளைட் ஏறலன்னு தெரிஞ்சா இப்பவே அடிப்பாங்க.

— யாரு? யார அடிப்பாங்க?

— தேவாவ. நேத்து பேசுனது அவன்தான், இளமதி. பாங்காக்ல எறங்குன அன்னிக்கே பாஸ்போர்ட்டப் புடுங்கிகினு காட்டு வழியா எல்லை தாண்டிக் கொண்டுபோயிட்டாங்களாம். கம்பெனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாள் முழுக்க நம்மூரு ஆளுங்களுக்கு ஃபோன் போட்டு ஏமாத்தணும். முடியாதுன்னா கரண்ட் ஷாக்கு. அந்தக் கோட்டு சூட்டெல்லாம் ஃபோட்டோ புடிக்க மாட்டி விடுறது.

— அல்லாவே. மச்சான், இத நேத்தே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?

— சொல்லியிருந்தா நீ கண்டிப்பாப் போயிருப்ப. உன்ன எனக்குத் தெரியாதா?

— நான் ஏன் போகப் போறேன்? எனக்கென்ன பைத்தியமா?

— அவன் கெடக்கட்டும் கொளஞ்சி. தேவா எப்ப வருவானாம்? விடுறதாச் சொல்றாங்களா இல்லியா?

— சொன்னாங்க, இளமதி. உபைது போயி எறங்குனதும் அவன விட்டுடுறோம்னு.