தக்காளி அடிக்கிற வரைக்கும்

— தக்காளியா? என்னடா பரணி உளர்ற, தக்காளி எப்படிடா மணி அடிக்கும்?

— சிம்பிளா சொல்றேன் அக்கா. தக்காளி மாதிரி செஞ்ச சின்ன கடிகாரம். மேசை மேல இருக்கு. திருகி விட்டா இருபத்தஞ்சு நிமிஷம் டிக் டிக்குன்னு ஓடும். அது வரைக்கும் வேலை மட்டும்தான், போனைத் தொட மாட்டேன். மணி அடிச்சா அஞ்சு நிமிஷம் பிரேக். அந்தப் பிரேக்குலதான் இப்ப உன்கிட்ட பேசறேன்.

— நல்லாருக்குடா ஞாயம். நான் இங்க ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல, புங்கமரத்தடியில, மஜீது பாய் எழுதுன பத்திரத்த மடியில வச்சுக்கிட்டு விடாம கூப்புட்டுக்கிட்டிருக்கேன். நீ சென்னையில தக்காளி திருகிக்கிட்டிருக்க.

— பத்திரமா? என்ன பத்திரம்?

— அப்பா வயலுக்குத்தான். அப்பாவும் போயி அம்மாவும் போயாச்சு. பட்டா இன்னும் அப்பா கோவிந்தராசு பேர்லயே கெடக்கு. வாரிசு நாம ரெண்டே பேரு. இன்னிக்கு முடிச்சுடலாம்னு டோக்கன் வாங்கியிருக்கேன். உன் வாயால ஒரு வார்த்தை வேணும், அவ்வளவுதான்.

— ஒரு வார்த்தைன்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பீங்க. இதெல்லாம் பிரேக்ல பேசற விஷயம் இல்லக்கா. லாஜிக் என்னன்னா, பிரேக்ல மூளைக்கு ஓய்வு குடுக்கணும்.

— இருக்கறவங்க குடுக்கட்டும்.

— சிரி, சிரி. உலகமே இப்படித்தான் வேலை பாக்குது. நடுவுல ஒருத்தர் வந்து குறுக்கிட்டா அந்தத் தக்காளி செல்லாது. மறுபடி மொதல்லேர்ந்து திருகணும். ஃபோகஸ் ஒரு தடவை போச்சுன்னா... ஆங், அடிச்சுருச்சு. வைக்கறேன்.

— அடேய், இருடா! வச்சுட்டான் பாய். அஞ்சு நிமிஷத்தையும் தக்காளிக் கதை சொல்லியே தின்னுட்டான்.

— அவசரப்படாதீங்கம்மா. தம்பி என்ன வேலை பாக்குறாப்ல?

— சொந்தத் தொழிலாம். என்ன தொழில்னு கேட்டா, முடிச்சுட்டுச் சொல்றேங்கறான். ஊர்ல யாருக்கும் தெரியாது.

— எனக்கும் அஞ்சு வேளை நேரம் உண்டும்மா. ஆனா கொளத்துல புள்ளை விழுந்துருச்சுன்னு சத்தம் கேட்டா, தொழுகைய நிறுத்திட்டு ஓடணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இவரு தக்காளிய நிறுத்த மாட்டேங்கறாரே!

*

— ம், சொல்லுக்கா. பேசிக்கிட்டே கைய நீட்டி மடக்கறேன். மூச்சு வாங்கும், கண்டுக்காத.

— டோக்கன் கூப்புட்டாங்கடா. பாய்தான் கெஞ்சிக் கூத்தாடி கடைசிக்குத் தள்ளி வச்சிருக்காரு. இப்பவாவது காதைக் குடு. நான் கேக்கறது...

— ஒரு நிமிஷம். தண்ணி குடிச்சுக்கறேன். அப்புறம் தூரத்துல இருக்கற பச்சையக் கொஞ்ச நேரம் பாக்கணும். கண்ணுக்கு நல்லது.

— சென்னையில பச்சைக்கு எங்கடா போவ?

— எதுத்த வீட்டு மாடியில ஒரு தொட்டி இருக்கு.

— அடடா! இங்க ஆறு மா வயலு பூரா பச்சை, கதிர் வாங்கித் தலைசாஞ்சு நிக்குது. நட்டதுலேர்ந்து ஒரு நாள் எட்டிப் பாக்கல. தொட்டியப் பாக்கறாராம் தொட்டிய!

— நீங்க நாள் பூரா வயல்லயே நிக்கறீங்க, என்னத்தக் கண்டீங்க? டைம்னா என்னன்னே தெரியாது. அதனாலதான் இந்த ஊரு இப்படியே கெடக்கு.

— நீ பேசறியா இத? நடவப்ப ஊருக்கு வந்த நீ, நடவு நட்ட பொம்பளைங்க வெத்தலை போட வரப்புல ஏறுனதுக்கு, சோம்பேறிங்கன்னு கத்துனியே. நடவுக்காரி செவ்வந்தி மூஞ்சி சுண்டிப் போச்சு. நாந்தான் அப்புறம் போயி சமாதானம் பண்ணினேன். அவ இடுப்ப நிமுத்துனா சோம்பேறித்தனம், நீ நிமுத்துனா ஃபோகஸா?

— அவங்க நெனச்ச நேரத்துக்கு ஏறுனாங்க. இது சயின்ஸ்.

— போடா, சயின்ஸு! முறைத்தண்ணி தெரியுமா உனக்கு? வாய்க்கால்ல நம்ம முறை வந்துட்டா, சோத்துல கை இருந்தாலும் உதறிட்டு ஓடி மடையத் தொறக்கணும். எனக்கு இன்னும் மணி அடிக்கலன்னு உக்காந்திருந்தா தண்ணி அடுத்த வயலுக்குப் போயிடும். இன்னிக்கு உனக்கு முறை வந்திருக்குடா. அதச் சொல்லத்தான் கூப்புடறேன்.

— பாத்தியா, உபதேசத்துலயே டைம் போச்சு. அடுத்த பிரேக்ல பேசுவோம்.

— பாய், இவன பெத்த வயித்துல பெரண்டையத்தான் வச்சுக் கட்டணும்.

*

— அக்கா, நேராவே பேசிடலாம். உனக்கு என்ன வேணும்னு நீ பத்திரம்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பங்கு. அதுக்குத்தானே பத்திரம்?

— அப்படியா நெனச்சுக்கிட்டிருக்க?

— வேற எதுக்கு? மாமாவுக்குச் சொந்த வயல் இருக்கு, வீடு இருக்கு. அதுவும் பத்தலையா உனக்கு? அப்பா போன நாள்லேர்ந்து நீதான் வயல்ல எறங்கி சாகுபடி பண்ற. எதுக்குன்னு எனக்குப் புரியாமலா இருக்கு?

— தரிசாப் போட மனசு வரலடா, அதுக்கு. அம்மா நோவுல கெடந்தப்ப உன்ன இடுப்புல வச்சு வளத்தவ நான். நீ என்கிட்ட கணக்குப் பாக்கற. சரி, போகட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லு. வயல என்ன பண்ணப் போற?

— ஏன் நோண்டற?

— நோண்டலடா. கேக்கறேன். நீ சொல்ற பதில்லதான் எல்லாம் இருக்கு. மனசாரச் சொல்லு, தம்பி.

— இதுக்குப் பதில் சொன்னா அதுலேர்ந்து பத்து கேள்வி முளைக்கும். முக்கியமான வேலை ஓடிக்கிட்டிருக்கு, இன்னிக்கு முடிஞ்சாகணும். இன்னும் ஒரே ஒரு தக்காளி. நாலு முடிஞ்சா பெரிய பிரேக், அரை மணி நேரம். முழுசும் உனக்குத்தான், போதுமா?

— அதுக்குள்ள ஆபீஸ சாத்திடுவாங்கடா!

— நாளைக்குத் தொறப்பாங்கல்ல?

— ஆபீஸ் தொறக்கும். நாளைக்கு எனக்கு இதே மனசு இருக்கணுமே.

— பயமுறுத்தறியா? இந்த மெரட்டலெல்லாம் என்கிட்ட வேணாம். திருகிட்டேன், வைக்கறேன்.

— அம்மா, கடைசி டோக்கனும் உள்ள கூப்புடறாங்க. என்ன சொல்ல?

— அவன் சொல்லாம எப்படிப் போடறது பாய்? போகட்டும். விட்டுடுங்க.

*

— அக்கா! முடிச்சுட்டேன்! நாலு தக்காளி, போனைத் தொடல, பராக்குப் பாக்கல. மூணு நாள் வேலைய ஒரே நாள்ல முடிச்சாச்சு. இப்பப் பேசு, அரை மணி நேரம் இருக்கு.

— ஆபீஸ பூட்டிட்டாங்க. பஸ்ஸுக்கு நிக்கறேன். பாயும் கூட நிக்கறாரு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

— அதுவும் நல்லதுதான். நீ இன்னிக்கு ஒரு பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருந்தா, நான் மறுபடி இன்னொண்ணு எழுதணும், ரெட்டை வேலை. வாட்ஸப்புல ஒரு படம் அனுப்பியிருக்கேன் பாரு. இத்தனை தக்காளியும் இதுக்குத்தான்.

— வெயில்ல ஒண்ணும் தெரியல. பாய், கண்ணாடியப் போட்டு நீங்க பாருங்க.

— கட்டம் கட்டமா கோடு போட்டிருக்கும்மா. ரோடு, பூங்கா, கட்டத்துக்கு ஒரு நம்பரு. மனைப்பிரிவும்மா இது. இந்தாண்ட உங்க மாரியம்மன் கோயில் இருக்கு. அப்பன்னா இது... உங்க வயலும்மா.

— வாய்க்கா எங்க பாய்?

— காணோம்மா. அது மேலதான் ரோடு ஓடுது. மேல பெருசா, கோவிந்தராசு நகர்னு எழுதியிருக்கு.

— அப்பா பேரையே வச்சுட்டேன்க்கா! மறக்கல பாத்தியா? வாங்கறதுக்கு ஆளு ரெடியா இருக்காரு. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. உன் பங்க நான் ஒண்ணும் முழுங்கிட மாட்டேன்.

— படிக்கறது ராமாயணம், இடிக்கறது பெருமாள் கோயில். பாய், நீங்க காலையில எழுதுனீங்களே, அதோட தலைப்ப மட்டும் இவனுக்குப் படிச்சுக் காட்டுங்க.

— வேணாம்மா. ஆகாத காரியம், விடுங்க.

— படிங்க பாய். இப்ப அவனுக்கு அரை மணி நேரம் இருக்கு.

— தம்பி... இது விடுதலைப் பத்திரம். அக்கா குந்தவை, தகப்பனார் வயல்ல தனக்குள்ள பாகம் முழுசையும் தம்பி பரணிதரனுக்கு விட்டுக்குடுத்து எழுதினது.

— என்னது? அக்கா? முழுசையுமா? எனக்கா? அக்கா, மொதல்லயே இதச் சொல்லியிருக்கக் கூடாதா?

— எங்க சொல்ல விட்ட? மாமாதான் சொன்னாரு, நமக்கு இருக்கறது போதும், பொறந்த வீட்டு வயல் தம்பிகிட்டயே இருக்கட்டும்னு. வயல விக்க மாட்டேன்னு உன் வாயால ஒரு தடவை கேட்டுட்டுப் போடலாம்னுதான் மரத்தடியில காத்துக் கெடந்தேன். கிழிச்சுடுங்க பாய்.

— பாய், கிழிக்காதீங்க! அக்கா, இப்பச் சொல்றேன், விக்க மாட்டேன்! அந்தப் படத்த அழிச்சுடறேன். ஒரு அஞ்சு நிமிஷம் நான் சொல்றதக் கேளேன்!

— நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா பொய்யா இருந்தாக்கூட நம்பிப் போட்டிருப்பேன்டா. பொய் சொல்லக்கூட உனக்கு நேரம் இல்லாமப் போச்சு.